பத்தாம் பக்கத்தில் ஒரு வரி

எங்கள் தொகுதியில் இதுவரை பதினாறு தேர்தல் நடந்திருக்கிறது. பதினைந்து பொதுத் தேர்தல், ஒன்று இடைத்தேர்தல். பதினைந்தைப் பற்றி யாருக்கும் தகராறு இல்லை. ஜெயித்தவர் ஜெயித்தார், தோற்றவர் வீட்டுக்குப் போய்ப் படுத்தார். அந்த இடைத்தேர்தலில் மட்டும் வித்தியாசம் பதினோரு ஓட்டு. நாற்பத்திரண்டு வருடம் ஆகியும், அந்தப் பதினொன்றும் யார் யார் போட்டது என்ற வழக்கு ஊரில் தீரவில்லை. 'அதுல ஒண்ணு என்னோடது' என்று என்னிடம் மார்தட்டியவர்களே முந்நூறு பேருக்குக் குறையாது. சட்டைக்கு அளவு கொடுக்க வந்து, கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போதே ஆரம்பிப்பார்கள். ஒருவர் நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு போய்க் குத்தினாராம். இன்னொருவர் பல் பிடுங்கிய வாயில் பஞ்சோடு போனாராம். அவருக்கு அப்போது வயது எட்டு என்பது எனக்குத் தெரியும். தையற்காரனுக்கு வாடிக்கையாளரோடு வாதாட முடியுமா? அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு 'அப்படியா' என்று கேட்டுக்கொள்வேன்.

அந்தத் தேர்தலில் ஜெயித்தவர் என் பக்கத்துக் கடை அச்சாபீஸ்காரரின் மாமனார். ஊரில் அவருக்குப் பெயரே 'பதினொன்னு'தான். தபால்காரர்கூட அப்படிச் சொல்லித்தான் வீடு விசாரிப்பார். அந்தக் காலத்தில் அவர் சைக்கிள் கடை வைத்திருந்தார். அப்போதிருந்த எம்.எல்.ஏ. திடீரென்று இறந்துபோக, இடைத்தேர்தல் வந்தது. ஊரில் பெரிய புள்ளி ஒருவர் நின்றார். அவரை எதிர்த்து யாரும் வாயைத் திறக்காதபோது, நம்ம ஆள் கூடைச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றார். நாலு கூடையை சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக மிதித்தார். ஜெயித்தும் விட்டார். மூன்று முறை எண்ணியும் பதினொன்று பதினொன்றாகவே நின்றது.

சட்டசபையில் பத்தொன்பது நாள் உட்கார்ந்தார். இருபதாம் நாள் கேள்வி கேட்க அவருடைய முறை. முந்தின நாள் சாயங்காலம் சபையைக் கலைத்துவிட்டார்கள். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஊர் திரும்பி, மறுநாளே பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தார். அடுத்த தேர்தலில் டெபாசிட் போயிற்று. அதற்குப் பிறகு அவர் எதிலும் நிற்கவில்லை, பேருந்தில் தவிர.

அன்று தோற்ற பெரிய புள்ளி அடுத்தடுத்து மூன்று முறை ஜெயித்து, மந்திரியாகி, காலமும் ஆனார். அவருடைய மகன்தான் இப்போதைய எம்.எல்.ஏ. அப்பா பேரில் பெரிய மண்டபம் கட்டி, போன மாதம் திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார். விழாவில் கொடுக்க 'நமது தொகுதியின் தேர்தல் வரலாறு' என்று பதினாறு பக்கத்தில் ஒரு சிறுபுத்தகம். அதன் பத்தாம் பக்கத்தில் ஒரு பட்டியல்: வருடம், வென்றவர், தோற்றவர், வாக்குகள், வித்தியாசம். அந்தப் பட்டியலின் வரிசைப்படியே முன்னாள் உறுப்பினர்களை, அவர்கள் இல்லாவிட்டால் குடும்பத்தாரை, மேடைக்குக் கூப்பிடுவார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம் மைக் உண்டு. புத்தகம் அடிக்கும் வேலை அச்சாபீஸ் அண்ணனுக்குத்தான் வந்தது.

செய்தி தெரிந்த அன்றே நம்ம பதினொன்னு பெரியவர் என் கடைக்கு ஒரு வெள்ளைச் சட்டையோடு வந்துவிட்டார்.

"இதுக்கு உள்ள ஒரு பாக்கெட் வெச்சுக் குடுப்பா. நெஞ்சுக்கு நேரா."

"எதுக்குப் பெரியவரே, பணம் கட்டுக்கட்டா வரப்போவுதா?"

"கேள்வி இருக்கு."

பிளாஸ்டிக் உறைக்குள் பழுப்பேறிய ஒரு தாளைக் காட்டினார். இருபதாம் நாள் கேட்க வேண்டிய கேள்வி. என்ன கேள்வி என்று தலையை நீட்டினேன். உறையைத் திருப்பிக்கொண்டார்.

"சபையில கேக்க வேண்டியத கடையில கேக்கக் கூடாது."

எழுபத்தொன்பது வயதுக்கு அந்த முகத்தில் அப்படி ஒரு மினுக்கம். உறையை அளந்து பாக்கெட் வைத்துத் தந்தேன். கூலி வாங்கவில்லை. அந்தப் பதினொன்றில் எனக்கும் ஒரு பங்கு இருக்கட்டுமே.

விழா அன்று காலை வழக்கம்போலத் தண்ணீர் லாரியோடுதான் விடிந்தது. எங்கள் மேட்டுத் தெருவுக்குக் குழாய் கிடையாது. ஏழு மணிக்கு லாரி வரும், வந்த கால் மணியில் போய்விடும். அதற்குள் பிடித்தவருக்குத்தான் அன்றைய குளியலும் சமையலும். அண்ணி, அதாவது அச்சாபீஸ்காரரின் மனைவி, எட்டுக் குடம் பிடித்து வீட்டில் இறக்கிவிட்டு, ஈரப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக அச்சாபீஸுக்கு வந்தார். வீடும் அச்சாபீஸும் ஒரே கட்டிடம்தான். முன்னால் மிஷின், பின்னால் அடுப்பு. ஆயிரம் பிரதி. முந்தின நாளே அச்சாகிவிட்டது. மடித்து, அடுக்கி, நடுவில் பின் அடித்து, ஓரம் வெட்டிப் பகல் மூன்று மணிக்குக் கட்டிக் கொடுக்க வேண்டும். எண்ணூறுக்கு மேல் தயாராக அடுக்கியிருந்தது. அண்ணன் ஓரம் வெட்டிக்கொண்டிருந்தார்.

நான் பெரியவரின் சட்டையைத் தேய்த்து எடுத்துக்கொண்டு போனபோது மணி பத்து. பெரியவரும் உள்ளேயிருந்து வந்தார்.

"ஏம்மா, நம்ம வரி எப்படி வந்திருக்குன்னு பாத்தியா?"

"எங்கப்பா நேரம்? மடிக்கிற கைக்குப் படிக்கத் தெரியுமா?" என்று சிரித்துக்கொண்டே அண்ணி ஒரு பிரதியை எடுத்தார். அது உண்மைதான். அச்சாபீஸில் இருப்பவர்கள் ஊருக்கெல்லாம் அடித்துக் கொடுப்பார்கள், ஒன்றையும் படிக்க மாட்டார்கள். பத்தாம் பக்கத்தைப் பிரித்து மேலிருந்து விரலை இறக்கினார். பாதியில் விரல் நின்றது. திரும்ப மேலே போனது. மறுபடி இறங்கியது.

"இருக்கா?" என்றார் பெரியவர்.

அண்ணி புத்தகத்தை மூடினார்.

"இருக்குப்பா. மை காயல, கைல ஒட்டிக்கும். நீங்க போய்ச் சாப்பிடுங்க. அப்பறம் காட்டறேன்."

பெரியவர் சட்டையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அவர் தட்டை எடுக்கும் சத்தம் கேட்கும்வரை அண்ணி அசையவில்லை.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க."

அண்ணன் வெட்டு மிஷினை விட்டுவிட்டு வந்தார்.

"எங்கப்பா எங்க?"

"இப்பத்தான உள்ள போனாரு..."

"இதுல எங்கன்னு கேக்கறேன்."

நான் அப்போதே நழுவியிருக்க வேண்டும். புருஷன் பெண்டாட்டி சண்டையில் தையற்காரனுக்கு என்ன வேலை? ஆனால் வாசலை அடைத்துக் காகிதக் கட்டு கிடந்தது, கால் எழவில்லை. உள்ளபடி சொன்னால், என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளாமல் போக மனசில்லை.

"அது வந்து... பொதுத் தேர்தல் மட்டும் போதும்னு டைரி சொல்லிட்டாரு" என்றார் அண்ணன்.

டைரி என்பது எம்.எல்.ஏ.வின் உதவியாளர். கக்கத்தில் எப்போதும் ஒரு டைரி இருக்கும். அதில் அவர் எதையும் எழுதி யாரும் பார்த்ததில்லை.

"எப்ப சொன்னாரு?"

"போன வாரம்."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

அண்ணன் வெட்டு மிஷினைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"பக்கத்துல அடங்கல, அவ்வளவுதான். பதினாறு வரி போட்டா கடைசி வரி அடுத்த பக்கத்துக்கு ஓடுது. மடிக்கிற தாள்ல ஒரு பக்கம் கூடினா நாலு பக்கம் கூடும், உனக்குத் தெரியாததா? எழுத்தச் சின்னதாக்கிக் காட்டினேன். வயசானவங்களுக்குத் தெரியாதுன்னு டைரி திருப்பி அனுப்பிட்டாரு. ஏதோ ஒண்ண எடுத்தாகணும். பத்தொன்பது நாள்தான உக்காந்தாரு, யாரு தேடப் போறான்னு..."

"யாரு தேடப் போறாங்க" என்றார் அண்ணி. "காலைலேருந்து மூணு தரம் தேடிக்கிட்டு வந்தாரே, அவரு ஆளாத் தெரியல உங்களுக்கு."

"திட்டாத. கை தவறி நடந்துபோச்சு."

"கை தவறியா?" அண்ணி பக்கத்தின் அடியில் விரலை வைத்தார். "இது என்ன?"

பட்டியலுக்குக் கீழே அழகான ஒரு பெட்டி. பூ வேலைக் கரை கட்டியிருந்தது. 'எல்லாவித அச்சு வேலைகளும் குறித்த நேரத்தில் சிறந்த முறையில் செய்து தரப்படும்' என்று கொட்டை எழுத்து, கீழே அண்ணனின் போன் நம்பர்.

"பின்னட்டைலதான் நம்ம பேரு இருக்கே. அப்பறம் இது எதுக்கு இங்க?"

"பின்னட்டைய யாரு திருப்பறா? எல்லாரும் பாக்கறது இந்தப் பக்கம்தான். தேர்தல் வருது, நாலு பேரு கண்ணுல பட்டா நாலு வேலை வரும்னு..."

"இந்தப் பெட்டிய எடுத்திருந்தா எங்கப்பா உக்காந்திருப்பாரு."

அண்ணி சத்தமாகச் சொல்லவில்லை. உள்ளே பெரியவர் சாப்பிட்டுக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அண்ணனைப் போட்டு அறுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். நல்ல மனுஷன்தான். மாமனாரை மூன்று வருடமாகத் தன் வீட்டில் வைத்துப் பார்க்கிறவர். ஆனால் அச்சடிக்கிற புத்தி அப்படி. தாள் கையில் வந்தால் ஓரத்தில் எவ்வளவு இடம் மிச்சம் என்றுதான் கண் பார்க்கும். அந்த மிச்சத்துக்காக வீட்டு மனிதரையே வெட்டிவிட்டார்.

"மறுபடி அடிச்சிடுங்க" என்றார் அண்ணி.

"அச்சடிக்கப் புதுசா பிளேட் வரணும். போய் வாங்கி வரவே சாயந்திரம் ஆயிடும். தாளும் இல்ல."

"சரி, அவரு மேடையேறிப் போய் நிக்கட்டும். பேரு வராம திரும்பி வரட்டும். நாப்பத்திரண்டு வருஷம் முன்னாடி ஒரு தரம் வாய மூடி அனுப்பினாங்க, இன்னிக்கு மாப்பிள்ளை மூடி அனுப்பட்டும்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நான்தான், தைக்கிற பழக்கத்தில், கிழிந்தால் ஒட்டுப் போட வேண்டியதுதானே என்று உளறினேன்.

அண்ணி என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு மேசையிலிருந்த ஸ்கேலை எடுத்துப் பெட்டியை அளந்தார்.

"நாலரை அங்குலம், முக்கால் அங்குலம். இதே அளவுல அவரு வரிய மட்டும் துண்டுச் சீட்டா அடிங்க. பெட்டி மேலேயே ஒட்டிடலாம்."

"வருஷ வரிசை போயிடும். எல்லாருக்கும் கடைசில நிப்பாரு."

"நிக்கட்டும். இருந்தாப் போதும்."

"என் பெட்டி..." என்று ஆரம்பித்த அண்ணன், அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

வரியைத் தட்டினார். வருடம், பெரியவர் பெயர், தோற்றவர் பெயர், வாக்குகள், வித்தியாசம் 11. தோற்றவர் பெயரைத் தட்டும்போது கை தயங்கியது. அந்தப் பெயரைத்தான் இன்றைக்கு மண்டபத்தின் நெற்றியில் திறக்கப் போகிறார்கள். அதை இரண்டாம் இடத்தில் போட்டு, அவர் மகன் விழாவிலேயே ஊர் கையில் கொடுப்பதென்றால் சும்மாவா? வரப்போகிற தேர்தலுக்கு நோட்டீஸ், வாக்காளர் சீட்டு என்று ஆறு மாத வேலை அந்த ஒரு வீட்டிலிருந்துதான் வர வேண்டும்.

"அடிங்க" என்றார் அண்ணி.

சின்ன பிரின்டரில் தாளுக்குப் பதினாறு சீட்டு. வெட்டி எடுக்கப் பதினொன்றரை ஆயிற்று. அண்ணி மைதாப் பசை காய்ச்சினார். காலையில் பிடித்த குடத்திலிருந்து அளந்துதான் தண்ணீர் எடுத்தார். பசை தண்ணியாக இருந்தால் தாள் சுருங்கும், கெட்டியாக இருந்தால் புடைக்கும். நான் கடையைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். அண்ணன் பசை தடவ, நான் சீட்டு வைக்க, அண்ணி துணியால் ஒற்றி எடுத்துப் பழைய பேப்பரில் பரப்பினார். நேராக வைப்பது என் தொழில், ஆனாலும் அவசரத்தில் நாலைந்து கோணிவிட்டன. ஒரு மணிக்கு நானூறுதான் முடிந்திருந்தது. அறை முழுக்கப் பிரித்த புத்தகம், கால் வைக்க இடமில்லை. மின்விசிறியும் போட முடியாது, சீட்டு பறக்கும். மூன்று பேரும் வேர்த்து ஊற்றிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் ஒட்டிக்கொண்டிருந்தோம்.

"என்ன, கதவச் சாத்திக்கிட்டு ஒட்டறீங்க?"

பெரியவர் நிலைப்படியில் நின்றார். ஒளிக்க நேரமில்லை. அண்ணி எழுந்து தடுக்கப் போவதற்குள், அவர் கீழே கிடந்த ஒரு சீட்டை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தார். தன் பேரைப் படித்தார். பிறகு ஒட்டாத ஒரு பிரதியை எடுத்துப் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தார். பெட்டியையும் பார்த்தார்.

அண்ணன் பசைக் கையோடு எழுந்து நின்றுவிட்டார்.

"மாமா... இடம் பத்தல. நான்தான்..."

பெரியவர் சத்தம் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் அண்ணனுக்குப் பாரம் குறைந்திருக்கும். அவர் அந்தப் பெட்டியைத் தடவிப் பார்த்தார்.

"கரையெல்லாம் நல்லாப் போட்டிருக்கீங்க மாப்பிள்ளை. இதை மூடறது பாவம்தான்."

கேலியில்லை, நிஜமாகவே சொன்னார். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியவர் மெல்லத் தரையில் உட்கார்ந்து, பசைக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"இவ்வளவு பசை எதுக்கு? ஓரத்துல மட்டும் தடவு, நடுவுல வேண்டாம். முப்பது வருஷம் ட்யூபுக்கு ஒட்டுப் போட்டவன் நான். நகரு."

அவர் கை பட்டதும் வேலை ஓடியது. ஒரு விரலில் பசை, கட்டை விரலால் ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். சுருக்கமில்லை, கோணலில்லை. தன் பேரை அறுநூறு தடவை தானே ஒட்டிய எம்.எல்.ஏ. வேறு எந்தத் தொகுதியிலாவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அண்ணி மட்டும் குனிந்த தலை நிமிராமல் ஒற்றிக்கொண்டே இருந்தார்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசிப் பிரதி முடிந்தது. பெரியவர் சட்டை மாற்ற உள்ளே போனார். கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே வாசலில் வேன் வந்து நின்றது. டைரி இறங்கினார்.

"ரெடியா? அய்யா நாலு மணிக்கே வந்துடுவாரு." மேலாக இருந்த பிரதியை எடுத்துப் புரட்டினார். எங்கள் மூன்று பேர் மூச்சும் அவர் விரலோடு சேர்ந்து நகர்ந்தது. பத்தாம் பக்கத்தில் நின்றார். கட்டை விரலால் சீட்டைத் தடவினார்.

"இது என்ன ஒட்டு?"

"ஒரு வரி விட்டுப்போச்சு" என்றார் அண்ணன்.

டைரி படித்தார். முகம் சிவந்தது.

"யோவ், அய்யா அப்பா பேருல மண்டபம். அவரு தோத்தத சீட்டு அடிச்சு ஒட்டிக் குடுக்கறியா? கடைசியா குடுத்த மாதிரிப் பிரதில இது இல்லியே! பிய்யி எல்லாத்தையும்."

"பசை காயல. பிச்சா பக்கமே கிழிஞ்சிடும்."

"அப்ப கிழிஞ்ச புஸ்தகத்தயா குடுக்கப் போற?"

"நீங்க சொல்லுங்க, ஆயிரத்தையும் வீசிடறேன். அய்யா விழாவுக்குப் புஸ்தகமே இல்லேன்னு நீங்களே போய்ச் சொல்லிக்கோங்க" என்றார் அண்ணி.

டைரி மணியைப் பார்த்தார். பல்லைக் கடித்தார்.

"வண்டில ஏத்து. ஊர்ல எவன் படிக்கப் போறான். மேடைல பேரு படிக்கறவங்களுக்கு நான் பழைய மாதிரியத்தான் குடுப்பேன். அதுல இவரு இல்ல, கூப்பிடவும் மாட்டாங்க. அப்பறம் ஒண்ணு, தேர்தல் வேலைக்கு இந்தப் பக்கம் வருவோம்னு காத்துக்கிட்டு இருக்காத."

வேன் போய்விட்டது. அண்ணி சுவரில் சாய்ந்தார்.

"போக வேண்டாம்னு சொல்லிடலாமா? உடம்பு சரியில்ல, வெயில் ஜாஸ்தின்னு ஏதாவது..."

அண்ணன் கையில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு ஒட்டியும் மைக்கில் அவர் பேர் வராது. டைரி சொன்னது எதுவும் காதில் விழாத முகத்தோடு பெரியவர் வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் நின்றது. நெஞ்சுக்கு நேரே உறை லேசாகத் தெரிந்தது. தலையைப் படிய வாரியிருந்தார்.

"போலாமா?" என்றார்.

போனோம்.

மண்டபம் நிறைந்து வழிந்தது. வாசலில் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார்கள். ஊர்க்காரர்கள் அதாலேயே விசிறிக்கொண்டார்கள். நாங்கள் ஐந்தாம் வரிசையில் உட்கார்ந்தோம். முன் இரண்டு வரிசை முன்னாள் உறுப்பினர்களுக்கு என்று பேர் எழுதிப் போட்டிருந்தது. பெரியவர் பேர் எழுதின நாற்காலி இல்லை. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. கையை மடியில் வைத்து நேராக உட்கார்ந்திருந்தார்.

எம்.எல்.ஏ. பேசினார். மேளம் அடங்கி, பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் மைக் முன்னால் வந்து பட்டியலைப் படிக்க ஆரம்பித்தார். கையிலிருந்தது மாதிரிப் பிரதி. முதல் தேர்தல். இரண்டாம் தேர்தல். ஒவ்வொருவராகப் படியேறி நினைவுப் பரிசு வாங்கிக்கொண்டு ஏதோ பேசி இறங்கினார்கள். ஏழாவது தேர்தல். அடுத்து இடைத்தேர்தல் வர வேண்டும். ஆசிரியை எட்டாவது பொதுத் தேர்தலின் வருடத்தைப் படித்தார். எம்.எல்.ஏ.வின் அப்பா பேர் வந்தது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. மகனே எழுந்து வாங்கிக்கொண்டார்.

பெரியவர் கையைத் தட்டினார். தட்டிவிட்டு, நெஞ்சுப் பக்கம் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அடுத்தது தன் பேராக இருக்குமோ என்று காத்திருந்தார். ஒன்பது. பத்து. பதினொன்று வந்தபோது அவர் தலை குனிந்தது. அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பதினைந்தாவதும் முடிந்தது.

"பட்டியல் இத்துடன் நிறைவடைகிறது" என்றார் ஆசிரியை.

எனக்கு இரண்டு பக்கமும் பார்க்க முடியவில்லை. என் பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. அண்ணன் எழுந்து நின்றிருந்தார். வாழ்க்கையில் யார் எது சொன்னாலும் 'சரிங்க' என்று தலையாட்டியே பழகிய மனிதர்.

"அம்மா! ஒரு வரி விட்டுப்போச்சு."

மேடையிலிருந்து டைரி கையைக் காட்டி உட்காரச் சொன்னார். அண்ணன் உட்காரவில்லை.

"விட்டது நான்தான். அச்சடிச்சவன். எல்லாரும் பத்தாம் பக்கத்த எடுங்க. அடியில பாருங்க. ஒட்டியிருக்கு."

விசிறிக்கொண்டிருந்த கைகள் நின்றன. ஆயிரம் புத்தகமும் ஒன்றாகத் திறக்கும் சத்தம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் கேட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கத்தியது:

"அட, நம்ம பதினொன்னு! அதுல ஒண்ணு என்னோடது!"

"என்னோடதும்தான்!"

அங்கே ஒருவர், இங்கே ஒருவர் என்று மண்டபம் முழுக்க எழுந்தார்கள். பல் பிடுங்கியவர் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். படம் பிடிப்பவர்கள் காமிராவைத் திருப்பினார்கள். எம்.எல்.ஏ. பழுத்த அரசியல்வாதி. முகத்தில் ஒரு சிரிப்பை எடுத்து வைத்துக்கொண்டு, 'வாங்க பெரியவரே' என்று கையை நீட்டினார்.

பெரியவர் மெதுவாகப் படியேறினார். பரிசை வாங்கி மேசைமேல் வைத்தார். மைக் முன்னால் நின்று உறையை எடுத்து, தாளைப் பிரித்தார். மடிப்பில் தாள் விட்டிருந்தது, இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே" என்றார்.

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"மேட்டுத் தெருவில் குடிநீர்க் குழாய் இல்லாமல், நூற்று இருபது குடும்பங்கள் வண்டித் தண்ணீரை நம்பியிருப்பதை அரசு அறியுமா? அறியுமெனில், குழாய் எப்போது போடப்படும்?"

அவ்வளவுதான் கேள்வி. தாளை மடித்தார். சிரிப்பு நின்றுவிட்டது. பெண்கள் பக்கத்தில் முதலில் நின்றது. அண்ணியின் கை அவரையறியாமல் இடுப்புக்குப் போனது, காலையில் குடம் அழுத்திய இடத்துக்கு.

டைரி ஓடிவந்து பெரியவரின் கையைப் பிடித்தார்.

"போதும் பெரியவரே, ரெண்டு நிமிஷம் ஆயிடுச்சு. எறங்குங்க."

"கேட்டாச்சு தம்பி. பதில் வரட்டும்."

எம்.எல்.ஏ. கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். டைரியைப் பார்த்தார். எதிரே எழுந்து நின்ற கூட்டத்தைப் பார்த்தார். யாரும் உட்காரவில்லை. பெரியவர் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால் லேசாக ஆடியது.

அண்ணன் எங்கள் வரிசையை விட்டு நகர்ந்தார். முன் வரிசைக்குப் போய், பேர் எழுதிப் போட்டிருந்த ஒரு காலி நாற்காலியிலிருந்து காகிதத்தைப் பிய்த்தார். நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மேடைப் படியேறினார். மாமனாருக்குப் பின்னால் வைத்தார்.

"உக்காருங்க மாமா. பதில் வர்றவரைக்கும் உக்காந்திருங்க."